தேக்கடிக்குப் போகலாமா வேண்டாமா

எங்க அப்பாவுக்கு எந்தக் காரியமானாலும் ஒரே கேள்விதான். "போனா என்ன பிரயோசனம்?" சினிமாவுக்குக் கேட்டாலும் அதேதான், பக்கத்து வீட்டு வளைகாப்புக்குக் கேட்டாலும் அதேதான். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸ் வேலை அவருக்கு. எவன் எப்போ உள்ளே வந்தான், எப்போ வெளியே போனான் என்று நாள் பூராவும் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்தும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்கத் தெரியாத மனுஷர். நான் கோபத்தோடுதான் சொல்லுகிறேன். அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபம் ஆறவே இல்லை.

அக்கா முதன்முதலில் தேக்கடி என்று பேச்செடுத்தபோதும் அவர் அதைத்தான் கேட்டார்.

அக்கா என்னைவிட ரொம்ப மூத்தவள். கைப்பிள்ளையாக இருக்கையில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. நடை ஒரு பக்கம் சாயும். அம்புட்டுதான். மற்றபடி எங்க தெருவில் அவளைப் போல வாயாடியும் கிடையாது, அவளைப் போலச் சிரிக்கிறவளும் கிடையாது. பேண்டேஜ் துணியைச் சுருட்டிக் கட்டுகிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். உட்கார்ந்த இடத்து வேலை, கையும் ஓடும், வாயும் ஓடும். அங்கே கூட வேலை பார்த்த ஒருத்தி தேக்கடிக்குப் போய்விட்டு வந்து, ஏரியில் போட்டில் போனோம், கரையில் யானைக் கூட்டம் தண்ணி குடிக்க வந்தது, ஒரு குட்டி அதன் தாய் காலுக்குள் நுழைந்து நுழைந்து வந்தது என்று வாரம் பூராவும் கதை சொல்லியிருக்கிறாள். அன்றைக்குப் பிடித்தது அக்காவுக்குப் பைத்தியம்.

"யானை பாக்க அம்புட்டு தூரம் போகணுமா?" என்றார் அப்பா. "ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில்ல நிக்குது. போனா தும்பிக்கைய வச்சு ஆசீர்வாதம் வேற பண்ணும். தேக்கடி யானை நம்மளத் திரும்பியாச்சும் பாக்குமா?"

"அதுக்குத்தாம்ப்பா போறது. கோயில் யானை பாகன் சொன்னா நடக்கும், சொன்னா நிக்கும். யாரும் சொல்லாம அதுபாட்டுக்கு வார யானைய ஒரு தடவ பாக்கணும்."

"பாத்து?"

"பாத்து ஒண்ணுமில்ல. பாக்கணும்."

அப்பா பேப்பரை எடுத்து விரித்துவிட்டார். எங்க வீட்டில் பேப்பர் விரித்தால் கோர்ட் கலைந்தது என்று அர்த்தம்.

ஆனால் அக்கா சும்மா ஆசைப்பட்டுவிட்டு மறந்துபோகிற ஆள் இல்லை. வக்கீல் மாதிரி சாட்சி சேர்க்க ஆரம்பித்தாள். சபரிமலைக்கு மாலை போட்டுப் போய்த் திரும்புகையில் தேக்கடியில் இறங்கினவர்கள் எங்க தெருவிலேயே இருந்தார்கள். ஒருத்தரையும் விடவில்லை. காலை போட்டா, சாயங்கால போட்டா? மேல்தட்டா, கீழ்த்தட்டா? எந்தக் கைப்பக்கம் உக்காந்திய? மிளகு ஏலக்காய் எடுக்கத் தேக்கடிக்குப் பக்கத்துக் குமுளிக்குப் போய்வருகிற மளிகைக்கடை பாயிடம் கேட்டால் அவர் உதட்டைப் பிதுக்கினார். "தண்ணிக்குள்ள பட்டமரமா நிக்கும்மா. அதுமேல நீர்க்காக்கா உக்காந்திருக்கும். போனதுக்குக் காக்கா பாத்துட்டு வந்தேன்." இன்னொருத்தர் தூரத்தில் பன்றி மாதிரி என்னமோ தெரிந்தது என்றார். செத்த நேரம் யோசித்துவிட்டு, பன்றியேதான் என்றார். கோடிவீட்டு மாமா மட்டும் யானை பார்த்திருந்தார், அதுவும் வெயில் காலத்தில். அதை வைத்து அக்கா தீர்ப்பே எழுதிவிட்டாள். காட்டுக்குள் தண்ணி வற்றுகிற கோடையில் போகணும், சாயங்கால போட்டில் போகணும், கம்பி ஓரமாக உட்காரணும்.

"அப்பவும் யானை வரலைன்னா?" என்று நான் கேட்டேன்.

"வரலைன்னா வரலை. இப்ப வரும், இந்தா வரும்னு பாத்துக்கிட்டே உக்காந்திருப்போம்ல. அதுவே எம்புட்டு நல்லாருக்கும்."

இந்த வாதப் பிரதிவாதம் ரெண்டு கோடை ஓடியது. அப்பா பிடி கொடுக்கவில்லை.

அதே சமயத்தில் அவளுக்கு மாப்பிள்ளையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் உட்கார்ந்ததும் அடுக்களையிலிருந்து காப்பித் தட்டோடு அக்கா வரணும். அந்த நாலு எட்டு நடையிலேயே எல்லாம் முடிந்துபோகும். காப்பியைக் குடித்துவிட்டு, கேசரியையும் ஒரு கை பார்த்துவிட்டு, ஊருக்குப் போய்க் கடுதாசி போடுகிறோம் என்பார்கள். ஒரு பெரிய மனுஷி, "இன்னொருக்க நடந்து காமிக்கச் சொல்லுங்க" என்றாள். மாட்டுச்சந்தையில்தான் அப்படிச் சொல்லுவார்கள். அக்கா நடந்து காட்டினாள். அப்பா கேசரித் தட்டை அவர்கள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

வீட்டில் வேண்டாம், கோயிலில் தற்செயலாகப் பார்த்துக்கொள்கிற மாதிரி வைத்துக்கொள்ளலாம் என்று பொறவு ஒரு யோசனை வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குப் புரட்டாசிச் சனிக்கிழமை போனோம். அது மலைக்கோயில். அக்கா ஒவ்வொரு படியாகக் காலை இழுத்து ஏறி வருவதை மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் மேலே நிழலில் நின்று பார்த்தார்கள். நடக்கக் கஷ்டப்படுகிற பெண்ணைக் காட்ட மலைக்கோயிலைத் தேர்ந்தெடுத்த புத்திசாலி யார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அக்கா சொன்னாள், இனி எவன் முன்னாலயும் போய் நிக்க மாட்டேன், என்னையக் கொன்னாலும் மாட்டேன் என்று. சிரித்துக்கொண்டே எதையும் சொல்லுகிறவள் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அடுத்த சித்திரையில் ஒரு நாள் அப்பா வேலை முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல், "ஞாயித்துக்கிழம தேக்கடிக்குப் போவோம்" என்றார்.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "என்ன பிரயோசனம்ப்பா?" என்று அவரைப் போலவே குரலை வைத்துக் கேட்டாள். வழக்கமாக அதற்கு ஒரு முறைப்பு வரும். அன்றைக்கு அவர், "நீ பாக்கணும்னியே தாயி, அதான்" என்றார். அக்கா பொலபொலவென்று அழுதுவிட்டாள். மறுநாள் கம்பெனி பூராவும் சொல்லியாகிவிட்டது. எங்கப்பா எனக்காகக் கூட்டிட்டுப் போறாரு. பால்காரரிடம் சொன்னாள், மளிகைக்கடை பாயிடம் சொன்னாள். காக்காய்க்கு என் வணக்கத்தைச் சொல்லு என்றாராம் பாய்.

உண்மை என்ன என்பது எங்க ரெண்டு பேருக்கும் அப்போது தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் ஒரு கல்யாணத் தரகர் இருந்தார். அவர் கம்பத்தில் ஒரு மாப்பிள்ளை சொல்லியிருந்தார். ஏலக்காய்க் கடையில் வேலை, தாயும் மகனும்தான். அந்த அம்மாள், கோயில் குளம் என்று வேண்டாம், எங்களுக்குத் தேக்கடி பக்கம், போட்டுக்கு வருகிற மாதிரி வந்து பார்த்துக்கொள்கிறோம், பிடிக்காவிட்டால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை என்று சொல்லிவிட்டிருந்தாள். போட் என்றதும் எங்க அப்பாவுக்குப் பொறி தட்டிவிட்டது. போட்டில் யார் நடக்கப் போகிறார்கள்? பெண் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். முகத்தைப் பார்ப்பார்கள், சிரிப்பைப் பார்ப்பார்கள், பிடித்துப்போகும். பொறவு மெதுவாகக் காலைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம். தரகரிடம், கால் விஷயத்தை இப்போதைக்குச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாராம். அம்மாவுக்கு மட்டும் தெரியும். அக்காவுக்குத் தெரிந்தால் வரமாட்டாள் என்று அவளிடம் மூச்சு விடவில்லை. என்னிடம் சொன்னால் நான் அவளிடம் போய்ச் சொல்லிவிடுவேன். அதுவும் சரியான கணக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே கிளம்பினோம். அம்மா அரக்குப் பட்டுச்சேலையை எடுத்து வைத்துக்கொண்டு கட்டச் சொல்லி நின்றாள். "யானைக்கு எதுக்கும்மா பட்டுச்சேலை?" என்று அக்கா சிரித்தாள், ஆனால் கட்டிக்கொண்டாள். சந்தோஷத்தில் இருக்கிறவள் எதைச் சொன்னாலும் செய்வாள். தேனியில் பஸ் மாறி, கம்பம் தாண்டி, மலை ஏறி, குமுளியில் போய் இறங்கும்வரை அவள் வாய் ஓயவில்லை. எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே பேசினாள்.

படகுத்துறைக்கு அப்பா எங்களை எல்லாருக்கும் முந்தியே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். இறங்குகிற படிகளில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். கதவு திறந்ததும் முதல் ஆளாக எங்களை ஏற்றினார். நல்ல இடம் பிடிக்கத்தான் இந்த அவசரம் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். அவள் கம்பி ஓரம் உட்காரப் போனபோது, "அங்க தண்ணி தெறிக்கும், சேலை பாழாயிரும்" என்று உள்பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். கம்பி ஓரம் அவரே உட்கார்ந்தார். பின்னால் மற்றவர்கள் ஏறினார்கள். நடைபாதைக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு நேராக, கடுகு நிறச் சேலை கட்டின ஒரு அம்மாளும் வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தரும் வந்து உட்கார்ந்தார்கள். அப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அம்மா மட்டும் அக்காவின் பூவைச் சரிசெய்தாள்.

போட் கிளம்பியது. பாய் சொன்னது பொய் இல்லை. தண்ணிக்குள் பட்டமரம் பட்டமரமாக நின்றது. அதன்மேல் நீர்க்காக்கா சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. "ஏட்டி, பாய் வணக்கம் சொன்னாருன்னு சொல்லு" என்று அக்கா என்னை இடித்தாள். கடுகுச்சேலை அம்மாளுக்கு அது காதில் விழுந்திருக்கும் போல. அவளும் சிரித்த மாதிரி இருந்தது. மான் ரெண்டு தெரிந்தது. அக்கா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். கழுத்தை நீட்டி இந்தக் கரையைப் பார்ப்பாள், அந்தக் கரையைப் பார்ப்பாள். ஒவ்வொரு பாறையும் அவளுக்கு யானையாகத் தெரிந்தது.

ஒரு வளைவு திரும்பியதும் போட் வேகம் குறைந்தது. அந்தப் பக்கத்துக் கரையில், புல்மேட்டிலிருந்து யானைகள் இறங்கி வந்துகொண்டிருந்தன. பெரிசும் சிறிசுமாகக் கூட்டம். நடுவில் ஒரு குட்டி. எல்லாரும் எழுந்து அந்தப் பக்கம் ஓடினார்கள். போட் ஒரு பக்கம் சாய்ந்தது. ஓட்டுகிறவர் "இரிக்கூ, எல்லாரும் இரிக்கூ" என்று உட்காரச் சொல்லி மலையாளத்தில் கத்தினார். யார் கேட்டார்கள். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். நானும் ஓடினேன்.

முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அக்கா எழுந்துகொண்டிருந்தாள். பாதி எழுந்துவிட்டாள். அம்மா அவள் சேலைக் கொசுவத்தைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"உக்காரு. எந்திரிச்சு நடக்காத. அவிய பாத்துக்கிட்டிருக்காக."

"எவிய?"

அம்மா கண்ணால் காட்டினாள். நான் அக்காவையும் கூப்பிடுவதற்காகத் திரும்பினவள், அதைப் பார்த்தேன். அப்பா அம்மாவை விட்டால், அந்தப் போட்டிலேயே யானையைப் பார்க்காமல் இருந்தது ரெண்டே பேர். ஒன்று அக்கா. இன்னொன்று அந்தக் கடுகுச்சேலை அம்மாள். அவள் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் வாயைத் திறந்துகொண்டு யானையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா ஒரு தடவை தன் பட்டுச்சேலையைப் பார்த்தாள். ஒரு தடவை அப்பாவைப் பார்த்தாள். அப்பா தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ரெண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டாள். எங்களுக்கு எதிரே ஜனங்களின் முதுகு சுவர் மாதிரி நின்றது. நான் பக்கத்தில் போய், "அக்கா, குட்டி இருக்குக்கா, ஒரு நிமிஷம் வாக்கா" என்றேன். அவள் நிமிரவில்லை. தண்ணியை உறிஞ்சிப் பீய்ச்சுகிற சத்தம் கேட்டது. பிள்ளைகள் ஓவென்று கூப்பாடு போட்டார்கள். எல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கும். ஓட்டுகிறவர் சொன்னதைக் கேட்டு உட்கார்ந்திருந்த ஒரே இளவட்டம் எங்க அக்காதான். யானைகள் குடித்துவிட்டு மேடேறிப் போய், போட் திரும்புகிறவரை உட்கார்ந்திருந்தாள்.

அவளைப் பத்துப் பேர் முன்னால் நடக்கவிட்டதைக்கூட மன்னித்துவிடலாம். அந்த ஒரு நிமிஷம் உட்கார வைத்ததை எப்படி மன்னிப்பது?

துறைக்கு வந்ததும், கூட்டம் இறங்கட்டும் என்று அப்பா எங்களைக் கடைசிவரை உட்கார வைத்திருந்தார். நாங்கள் படியேறி மேலே வருவதற்குள் அவர்கள் போய்விட்டார்கள். அப்பாவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். காரியம் பழம் என்று நினைத்துக்கொண்டார். குமுளியில் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக் கொடுத்தார். அக்கா வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், பிரிக்கவில்லை. பஸ் மலை இறங்கும்போது ஒரே ஒரு தடவை பேசினாள்.

"எனக்காகன்னு சொன்னியளேப்பா."

"உனக்காகத்தாம் தாயி" என்றார் அப்பா. அவர் சொன்னது பொய்யும் இல்லை. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொஞ்ச நாள் கழித்துத் தரகர் வந்தார். அப்பா எழுந்து நின்று வரவேற்றார். அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். நானும் அக்காவும் உள் அறையில் இருந்தோம். பேசுகிறது எல்லாம் கேட்கும்.

"ஒத்து வரல அண்ணாச்சி" என்றார் தரகர்.

அப்பா கேட்டார், "கால் விஷயம் தெரிஞ்சிருச்சோ?"

"கால் விஷயத்த நான் மொதல்லயே சொல்லிட்டேன். நீங்க வேண்டாம்னிய, எனக்கு மனசு கேக்கல. மறச்சுக் கட்டி வச்சா நாளைக்கு அந்தப் பிள்ளைதான சீரழியணும். அந்தம்மா ஒண்ணும் சொல்லல. அதுக்கென்ன, எங்க வீட்டுல ஓட்டப்பந்தயமா வைக்கப் போறோம்னாக. சம்மதிச்சுத்தான் போட்டுக்கே வந்தாக."

"பொறவு என்ன?"

"மகன் வாய் செத்தவன். வீட்டுல சத்தமே கிடையாதாம். நல்லாச் சிரிச்சுப் பேசுற பொண்ணா வரணும்னு அந்தம்மாவுக்கு ஆசை. மொதல்ல பிடிச்சுத்தான் இருந்திருக்கு. யானை வந்தப்ப குழந்தை குட்டியெல்லாம் எந்திரிச்சு ஆடையில, இந்தப் பிள்ளை மட்டும் தலையக் குனிஞ்சுக்கிட்டு உம்முனு இருந்துச்சாம். ஒரு ஆசாபாசம் இல்லாத பிள்ளையாத் தெரியுதுன்னுட்டாக."

அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் எழுந்துவிட்டாள். நான் கையைப் பிடித்தேன், உதறிவிட்டு, காலை இழுத்து இழுத்து முன்னறைக்கு நடந்து போனாள். யார் முன்னாலும் போய் நிற்க மாட்டேன் என்றவள் தரகர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, நான் எந்திரிக்கத்தான் போனேன். அத மட்டும் அவியகிட்ட சொல்லிருங்க."

தரகர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"கல்யாணத்துக்காகக் கேக்கல. அது வேண்டாம். எனக்கு ஆசை இல்லன்னு சொல்லிட்டாகள்ல. நான் எந்திரிக்கப் போனேன், அதச் சொன்னாப் போதும்."

தரகர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே, "வேண்டாம் அண்ணாச்சி" என்றார். "பொறவு ஏன் எந்திரிக்கலன்னு கேப்பாக."

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள், எங்களில் யாராவது சரி, சொல்லிவிடுகிறோம் என்று சொல்வார்களா என்று.